மூன்று ஆண்டுச் சராசரி யாருக்கு நியாயம்?

நம்பியாற்றங்கரை:
"சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகைக்குள் நிலம் சிக்கியவருக்கு, கடைசி மூன்று ஆண்டுச் சராசரி நிகர வருமானத்தை ஆண்டுதோறும் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது, அதற்கு மேல் கேட்பது பேராசை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். 1960ஆம் ஆண்டுக் கனிமச் சலுகை விதிகளிலும் 2016ஆம் ஆண்டு விதிகளிலும் விளைநிலத்துக்கு அந்த அளவுகோல்தான் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கம் மானாவாரிப் புஞ்சை வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லும் முன், அந்த மூன்றில் எத்தனை ஆண்டு ஐப்பசி மழை ஏமாற்றாமல் பெய்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? என் பெரியப்பாவின் இரண்டு ஏக்கருக்கு அடங்கலை, அதாவது கிராமத்துச் சாகுபடிப் பதிவேட்டை, வாங்கிப் பார்த்தோம். மூன்று பசலிக்கும் (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டுக்கும்) 'தரிசு' என்ற ஒரே சொல், ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நின்றது. அதே நிலத்தின் வரப்பில் பதினொரு பனை நிற்கிறது. பங்குனி முதல் ஆடி வரை பயினி (பதநீர்) இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய வருமானம் அடங்கலின் எந்தக் கட்டத்தில் ஏறியது?

கல்லும் கணக்கும்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். மூன்று ஆண்டு என்பது விதியின் எண்ணே தவிர, என் எண்ணம் அன்று. கருப்பட்டிக்கு ரசீது உண்டா, அண்ணாச்சி? ரசீது இல்லாத வருமானத்துக்கு எந்த அலுவலர் சராசரி போடுவார்? தாழையூத்தில் 1949 முதல் சிமெண்டு ஆலை ஓடும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, கல்லை வெட்டாதே என்று பேசுவது விந்தையாக இருக்கிறது.

நம்பியாற்றங்கரை:
கல்லை வெட்டாதே என்று நான் எந்த வரியில் எழுதினேன் என்று காட்டிவிட்டுப் பிறகு பேசுங்கள். மூன்று ஆண்டு அடங்கலும் தரிசு என்றால் சராசரி பூஜ்யம். பூஜ்யத்தை ஆண்டுதோறும் கொடுத்தாலும் பூஜ்யம்தான்.

பழைய கணக்கர்:
இருபத்தாறு ஆண்டு கிராமக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன்: 'ஒரே மையில், ஒரே கையெழுத்தில்' என்றால் என்ன பொருள்? ஒருவரே மூன்று ஆண்டும் அந்த ஊரில் பணியில் இருந்தால் கையெழுத்து ஒன்றாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்? விதைக்காத நிலத்தைத் தரிசு என்று எழுதாமல் நஞ்சை என்றா எழுதுவார்கள்?

வடக்கு விளை:
2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்திலும் மூன்று ஆண்டு என்றுதானே இருக்கிறது? அதன்படி சந்தை மதிப்பையும், அதே அளவு ஆறுதல் தொகையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே!

சட்டம் படித்தவள்:
அந்த மூன்று ஆண்டு பத்திரப் பதிவு விலைக்கு. இது விளைச்சல் வருமானத்துக்கு. நிலத்தை அரசு கையகப்படுத்தினால்தான் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரும். குத்தகைதாரர் மேற்பரப்புக்கு ஆண்டுத் தொகை கொடுப்பது வேறு. இன்னொன்றையும் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். விதி சொல்வது 'அதைப் போன்ற நிலத்தின்' சாகுபடி வருமானம். பெரியவரின் நிலம் தரிசாகக் கிடந்தாலும், அருகே முருங்கை போட்ட அதே தரத்து நிலத்தை வைத்துக் கணக்கிடும்படி கேட்க இடம் இருக்கிறது.

கல்லும் கணக்கும்:
போன்ற நிலமோ போகாத நிலமோ, மூன்று ஆண்டு மூன்று ஆண்டுதான்.

நம்பியாற்றங்கரை:
சட்டம் படித்தவர் சொல்வது காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது, அம்மா. அந்த முருங்கைக்குக் கிணறு இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்று சொல்லி அதையும் தள்ளிவிடுவார்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குத்தகைக் காலம் ஐம்பது ஆண்டு. அளவுகோல் மட்டும் மூன்று ஆண்டு! குத்தகை முடிந்தபின் நிலத்துக்கு வந்த சேதத்தை மதிப்பிடுவார்கள் என்கிறார்கள். பெரியப்பாவுக்கு இப்போதே எழுபத்திரண்டு வயது. கணக்கருக்கும் ஒன்று: விதைக்காத நிலம் என்றீர்களே, இரண்டாம் பசலியில் அங்கே உளுந்து விதைத்தது நான். முளைத்துக் கருகியது உண்மை, விதைக்கவில்லை என்பது பொய்.

பழைய கணக்கர்:
கருகியதற்கு அப்போதே மனுக் கொடுத்தீர்களா?

நம்பியாற்றங்கரை:
கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, மழை வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

கல்லும் கணக்கும்:
மனுவுக்கும் ரசீது இருக்காது என்று நினைக்கிறேன். போகட்டும். பதினொரு பனையில் நான்கு ஆண் பனை என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். நுங்கே காய்க்காத மரத்தையும் சேர்த்து எண்ணித்தான் பதினொன்றா?

நம்பியாற்றங்கரை:
ஆண் பனையிலும் பாளை சீவினால் பயினி இறங்கும் என்பது தெரியாதவர், எங்கள் நிலத்துக்கு வருமானம் கணக்கிட வந்துவிட்டார். மூன்று ஆண்டு என்று இன்னொரு முறை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

கல்லும் கணக்கும்:
மூன்று ஆண்டு.