தையல் தழும்பு இறுகிப்போன கைக்கு டிரை நீடிலிங் பயன்படுமா?

கேள்வி (பல்லடம்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி விசைத்தறி ஓட்டுகிறான். சென்ற ஆடி மாதம் கண்ணாடி கிழித்து, இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையின் உட்புறத்தில் ஆழமாக வெட்டுப்பட்டது. அறுந்த தசைநாண்களை அறுவை சிகிச்சை செய்து இணைத்தார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் தழும்பு இறுகிக் கிடக்கிறது; விரல்களை மடக்கினால் அந்த இடம் குழிவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. பாவில் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் சுரீரென்று இழுப்பதாகச் சொல்கிறான். டிரை நீடிலிங் செய்தால் தழும்பு இளகும் என்று திருப்பூரில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் கூறினார்கள். மருந்தே ஏற்றாத ஊசி தழும்பை எப்படி இளக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் குடும்பத்துக்குப் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (ஈரோடு, இயன்முறை மருத்துவர்)

வணக்கம். மடக்கும்போது தழும்பு குழிகிறது என்றால், மேல்தோல் அடியிலுள்ள தசைநாணோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். காயம் ஆறும்போது உடல் கொலாஜன் என்னும் புரத இழைகளை அவசரமாக, ஒழுங்கில்லாமல் அடுக்குகிறது. அவை சீரடைய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். டிரை நீடிலிங்கில் துளையில்லாத மெல்லிய ஊசியைத் தழும்பின் ஓரமாகச் சாய்த்துச் செலுத்தி, திசு அதை இறுகப் பிடிக்கும்வரை மெதுவாகத் திருகுவோம். அப்போது இணைப்புத்திசு இழைகள், தறியின் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதுபோல் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லான்ஜெவின் குழுவினர் 2001-இலும் அதையடுத்தும் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் காட்டின. இந்த இழுவிசை அங்குள்ள செல்களைத் தூண்டி இழைகளை மறுசீரமைக்க உதவலாம் என்பதே இச்சிகிச்சையின் அடிப்படை. வலியுள்ள இடங்களில் ஊசி குத்துவதால் கிடைக்கும் நிவாரணத்தைப் பற்றிச் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் 1979-இலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் தழும்புக்கான சான்றுகள் பெரும்பாலும் தனிநோயாளி அறிக்கைகளும் சிறு ஆய்வுகளுமே. ஆகவே ஊசி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசிக்குப் பின் அன்றைக்கே தழும்பைத் தேய்த்து அசைப்பதும், விரல்களைப் படிப்படியாக மடக்கி நீட்டும் பயிற்சியும்தான் பலனை நிலைநிறுத்தும். தேய்க்கும்போது தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் மிகுந்தால் விரல் தோலின்மேல் வழுக்கி ஓடுமே தவிர, அடித்திசு அசையாது.

மறுமொழி (கோபிசெட்டிபாளையம்)

சிசேரியன் தழும்பு இழுத்துப் பிடித்ததால் நான் இந்தச் சிகிச்சை செய்துகொண்டேன். ஊசி நுழைவது பெரிதாக வலிக்கவில்லை. திருகும்போதுதான் உள்ளே கனமாக ஒரு வலி பரவியது, ஓரிடத்தில் நீலம் பாய்ந்து சில நாளில் மறைந்தது. இப்போது குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முன்பிருந்த இழுப்பு இல்லை. அதேநேரம் தினமும் தழும்பைத் தேய்த்தும் வந்தேன்; எதனால் குணமானது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

மறுமொழி (கோவை, கை மறுவாழ்வுப் பிரிவு இயன்முறை மருத்துவர்)

ஈரோட்டு நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்தக் கையைப் பொறுத்தவரை எனக்குக் கவலை உண்டு. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தருவது அல்நார் நரம்பு. அது மணிக்கட்டில் தமனியை ஒட்டியே செல்கிறது. அவ்விரண்டு விரல்களில் சுரீரென்ற இழுப்பு வந்தால் நரம்பே தழும்பில் சிக்கியிருக்கக்கூடும். அந்த இடத்தில் பார்க்காமல் ஊசி செலுத்துவது தவறு. தம்பி தானாக விரலை மடக்கிப் பார்க்கட்டும், பிறகு மறுகையால் மடக்கிப் பார்க்கட்டும். மறுகையால் முழுவதும் மடங்கி, தானாக மடங்காவிட்டால் தசைநாண் ஒட்டியிருக்கக்கூடும். விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு உண்டா என்பதையும் எழுதுங்கள். தடித்து வளரும் கெலாய்டு தழும்பு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கட்டுப்படாத சர்க்கரை இவற்றில் ஏதேனும் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தோம். மறுகையால் மடக்கினால் விரல்கள் உள்ளங்கையைத் தொடுகின்றன. தானாக மடக்கினால் பாதியில் நின்றுவிடுகின்றன. சுண்டுவிரல் நுனி சற்று மரத்திருக்கிறது. சர்க்கரையோ வேறு மாத்திரையோ இல்லை.

மறுமொழி (கோவை)

அப்படியானால் ஊசியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடமே முதலில் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் அட்டையையும் அறுவைக் குறிப்பையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நரம்பு கடத்தல் சோதனை தேவையா, ஒட்டிய தசைநாணை விடுவிக்கும் அறுவை தேவையா என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நரம்புக்குப் பாதிப்பில்லை என்று அவர் உறுதிசெய்தால், கைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம் டிரை நீடிலிங்கைப் பற்றிப் பேசலாம். ஒருமுறை மட்டுமே பயன்படும் கிருமிநீக்கிய ஊசியை உங்கள் கண்முன் உறை பிரித்து எடுக்கச் சொல்லுங்கள்.