படம் 85 கேபிதான், ஆனாலும் பொருள் பக்கம் மொபைலில் திறக்க 6 விநாடி

வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸில் இணையக் கடை நடத்த உதவும் ப்ளகின்) துணிக்கடை நடத்துகிறேன், சுமார் 400 பொருட்கள். மூன்று வாரம் முன்பு தீம் மாற்றினேன். அன்றிலிருந்து மொபைலில் பொருள் பக்கத்தின் எல்சிபி (பக்கத்தின் மிகப் பெரிய பகுதி, இங்கே முதல் படம், திரையில் தெரிய ஆகும் நேரம்) 6 விநாடிக்குக் குறையவே இல்லை. கூகுள் நல்லது என்று சொல்லும் அளவு 2.5 விநாடி. டெஸ்க்டாப்பில் சிக்கல் இல்லை.

முதலில் படங்களின் கனத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கேமராவிலிருந்து வந்தவை 4000 பிக்சல், ஒவ்வொன்றும் 3 எம்பிக்கு மேல். எல்லாவற்றையும் 1200 பிக்சலுக்குச் சுருக்கி வெப்பி (கனம் குறைந்த பட வடிவம்) ஆக்கினேன், தரம் 80. இப்போது முதல் படம் 85 கேபிதான். தரத்தை 60 ஆக்கியும் பார்த்தேன். நெசவு மெழுகினாற்போல ஆகிவிட்டது, துணி விற்கிறவனுக்கு அது ஆகாது. எல்சிபியும் அசையவில்லை.

பிறகு முதல் படத்துக்கு லேசி லோடிங்கை (தேவைப்படும்போதுதான் படத்தை இறக்கும் முறை) எடுத்துவிட்டு முன்னுரிமையை உயர்த்தினேன். கேஷ் அழித்தேன், சிடிஎன் (அருகிலுள்ள சர்வரிலிருந்து கோப்புகளைத் தரும் சேவை) போட்டேன், ப்ளகின்களை ஒவ்வொன்றாக அணைத்தேன். பலனில்லை.

குரோமின் நெட்வொர்க் வாட்டர்ஃபாலில் (எந்தக் கோப்பு எப்போது இறங்கியது என்று காட்டும் வரைபடம்) ஒன்று கண்ணில் பட்டது. படம் இறங்க அரை விநாடிகூட ஆகவில்லை, அதற்கான கோரிக்கை கிளம்பவே 4 விநாடி ஆகிறது. எச்டிஎம்எல் முதல் விநாடிக்குள் வந்துவிடுகிறது. புது தீமில் படங்கள் ஸ்லைடருக்குள் இருக்கின்றன. பக்க மூலத்தில் தேடினால் முதல் படத்தின் முகவரி டேட்டா-எஸ்ஆர்சியில் (பிரவுசர் தானாகப் படம் இறக்காத இடம்) மட்டும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் அது பிரவுசர் படம் இறக்கும் எஸ்ஆர்சிக்கு மாறுகிறது போல. அப்படியானால் நான் உயர்த்திய முன்னுரிமைக்கு வேலையே இல்லை.

ஸ்லைடரைத் தூக்காமல், முதல் படத்தை மட்டும் நேரடியாக எச்டிஎம்எல்லிலேயே வரவைக்க சைல்டு தீமில் (மூல தீமைத் தொடாமல் மாற்றம் செய்ய வைக்கும் துணை தீம்) எந்த டெம்ப்ளேட்டை மாற்ற வேண்டும்?