புது போர் போட்டதிலிருந்து டீ கறுக்கிறது: கோளாறு தூளிலா, தண்ணீரிலா?

குத்தாலம் டீக்கடை:

வணக்கம். குத்தாலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. இத்தனை வருஷமும் பக்கத்து வீட்டு அடிபம்புத் தண்ணீர்தான். மாசி மாதம் அது சேறாகக் கக்க ஆரம்பித்ததும் கடன் வாங்கி 120 அடியில் போர் போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. சனியன் டீயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

டிகாஷன் இறங்கும்போதே செம்பு நிறம் இல்லை, மை நிறம். பாலை ஊற்றினால் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. பிளாக் டீயை இரண்டு நிமிஷம் வைத்தால் மேலே ஏடு கட்டி எண்ணெய் மாதிரி மினுங்குகிறது. தினமும் முதல் டீ குடிக்க வரும் பெரியவர் ஒருவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, தூள்ல சாயம் கலந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். முப்பது வருஷ வாடிக்கை. அன்றைக்கு முழுக்க எனக்கு வியாபாரமே ஓடவில்லை.

மூன்று கடைத் தூள் மாற்றிப் பார்த்தாயிற்று. தூள் போடுகிறவர் தண்ணீரைச் சொல்கிறார், போர் போட்டவர் தூளைச் சொல்கிறார். மச்சான், வயலுக்குப் போடும் உரமெல்லாம் இறங்கிவிட்டது என்கிறான். யாரை நம்புவது?

வடுவூர் ஏரிக்கரை:

அண்ணே, ஒரு ஆர்ஓ மெஷினைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்க.

கும்பகோணம் கெமிஸ்ட்ரி டீச்சர்:

தம்பி, மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு பாட்டில் போதும். போர் தண்ணீரைப் பிடித்த உடனே பார், தெளிவாக இருக்கும். மூடாமல் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் பார். மஞ்சளாகிச் செம்பழுப்பாக அடியில் ஏதாவது படிந்திருந்தால் அது இரும்பு. பம்படியில் சிமெண்டுத் தரை துருப்பிடித்த மாதிரி ஆகியிருக்கிறதா, வெள்ளை வேட்டி துவைக்கத் துவைக்கக் காவி ஏறுகிறதா என்றும் கவனி.

பூமிக்கடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அப்போது நிறமே தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாக மாறும். நம் பக்கம் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதில் மக்கிப்போன செடிகொடிகள் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். மண்ணில் இருக்கும் இரும்பு அப்படித்தான் தண்ணீரில் இறங்குகிறது. இதற்கு உரத்தையோ ஆலையையோ குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, டீ ஏன் கறுக்கிறது? டீயின் துவர்ப்புக்குக் காரணமான பாலிபினால்கள் இரும்பைக் கண்டால் விடாது. இரண்டும் சேர்ந்தால் கருநீலம். நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது கருப்பூர் கலம்காரியைத்தான் காட்டுவேன். திருப்பனந்தாள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் அந்தத் துணி எழுதுகிறார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தண்ணீர் பானையில் மங்கலாகத்தான் இருக்கும். மூங்கில் குச்சியால் துணியில் கோடு இழுத்ததும் கண்முன்னே கன்னங்கரேலென்று ஆகும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கிற இடம் அது. உன் பாய்லரில் தினமும் நடப்பதும் அதேதான், பாலை மட்டும் நீ கடைசியில் ஊற்றுகிறாய்.

மேலே கட்டும் ஏடு வேறு கதை. அதற்குத் தண்ணீரின் உப்பு காரணம். 1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்பைரோ, ஜகன்யி என்ற இரண்டு பேர் இதையே உட்கார்ந்து ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள். கால்சியமும் பைகார்பனேட்டும் உள்ள தண்ணீரில், காற்றுப் படும் மேற்பரப்பில் பாலிபினால்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஏடாகின்றன. கொஞ்சம் புளிப்பு இருந்தால் ஏடு கட்டாது. ஒரு கிளாஸில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார், ஏடும் போகும், நிறமும் வெளுக்கும். தூளில் கலந்த சாயமாக இருந்தால் அப்படிச் சட்டென்று வெளுக்காது.

இருந்தாலும் தூளையும் பார்த்துவிடு. வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பிப் பச்சைத் தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டு, தூளைத் தட்டிவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடி. பளிச்சென்று கறை இறங்கியிருந்தால் சாயம்.

மூணாவது தெரு:

டீச்சர், இரும்பு உள்ள டீ என்றால் ரத்தசோகைக்கு நல்லதுதானே? எங்கள் வீட்டில் மாத்திரையையே டீயில்தான் விழுங்குகிறார்கள்.

கும்பகோணம் கெமிஸ்ட்ரி டீச்சர்:

ஐயோ, நிறுத்தச் சொல்லுங்கள். டீ பிடித்துக்கொண்ட இரும்பைக் குடல் லேசில் உறிஞ்சாது. சாப்பாட்டில் உள்ள இரும்பும் அதோடு சேர்ந்து போகும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து டீ குடிக்கட்டும். மாத்திரைக்குத் தண்ணீர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு.

குன்னூரிலிருந்து திருவாரூர்:

பதினோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று. தேயிலைச் செடியே மண்ணிலிருந்து கண்டதையும் இழுக்கிற ஜாதி. அதற்குப் புளித்த மண் வேண்டும், பி.எச். 4.5இலிருந்து 5.5 வரை. அந்த மண்ணில் அலுமினியம் நிறையக் கரையும். செடி அதையும் ஃபுளூரைடையும் இலையில் சேர்த்துக்கொண்டே போகும். கொழுந்தில் குறைவு, முற்றின இலையில் அதிகம். அதனால் முற்றின இலை கலந்த ரொம்ப மலிவான தூளை நான் வாங்குவதில்லை. (நம் வயலில் தேயிலை வைக்கலாமா என்று இங்கே வந்த புதிதில் நாலு பேர் கேட்டார்கள். இந்தக் களியில் வேர் அழுகிவிடும்.)

இன்னொன்று, டீ இலை தண்ணீரிலுள்ள காரீயத்தை உறிஞ்சுகிறது என்று 2025இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். காய்ந்து சுருங்கிய இலையின் மேற்பரப்பில் உலோகம் ஒட்டிக்கொள்கிறதாம். அப்போ டீக்கடைக்காரர் தண்ணீரைச் சுத்தம் செய்து தருகிறார் என்றல்லவா ஆகிறது!

கும்பகோணம் கெமிஸ்ட்ரி டீச்சர்:

அந்த ஆய்வில் வழக்கமாக டீ போடும் நேரத்தில் போனது சுமார் 15 சதவீதம்தான் சார். மிச்சம் 85 கிளாஸிலேயே இருக்கிறது. எனக்குப் பயம் வேறு இடத்தில். இரும்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நைட்ரேட் காட்டாது, ஃபுளூரைடு காட்டாது. உரம் இறங்கியிருந்தால் நைட்ரேட் கூடும், டீ அப்போதும் அழகாகத்தான் இருக்கும். தம்பி, மச்சான் சொன்னதை அதனால் தள்ளிவிடாதே. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் தண்ணீரைக் கொடு. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கடினத்தன்மை, அதாவது ஏடு கட்டவைக்கும் கால்சியம் மாதிரியான உப்பு, 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 600 வரை.

குத்தாலம் டீக்கடை:

எல்லாருக்கும் நன்றி. பாட்டில் காலையில் செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. தாளில் கறை இல்லை. பெரியவர் முன்னாலேயே கிளாஸில் எலுமிச்சை பிழிந்தேன், கண்ணெதிரே வெளுத்தது. "வித்தை காட்றான்" என்றார், ஆனால் சிரித்தார்.

பரிசோதனைக்குக் கொடுத்ததில் நைட்ரேட் அளவுக்குள்தான் இருக்கிறது, இரும்புதான் கூடுதல். டீச்சர் போனில் சொன்னபடி மேல் டிரம்மில் ஷவர் மாட்டித் தண்ணீரை மழை மாதிரி விழவிட்டு, ராத்திரி தெளியவைத்து, மணல் டிரம் வழியாக இறக்குகிறேன். ஆர்ஓ வாங்கவில்லை. டீ பழைய செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. ஏடு மட்டும் கொஞ்சம் கட்டுகிறது, அது உப்பு, இருக்கட்டும்.

இப்போது புதுப் பஞ்சாயத்து. இந்த நாலு மாதத்தில் கறுப்பு டீக்குப் பழகிவிட்ட லோடுமேன் பசங்க, "என்னண்ணே, தூளைக் குறைச்சுட்டீங்களா?" என்கிறார்கள்.