புதுப்பிப்பு: எலிக்குட்டியின் சிறுமூளைக் கேள்வி

போன வாரம் கேட்டிருந்தேன்: பிறந்த எலிக்குட்டியின் சிறுமூளைக்கு மட்டும் எக்ஸ் கதிர் கொடுத்தால் அதிலுள்ள துகள் செல்கள் (மிகச் சிறிய நரம்பு செல்கள்) அழிகின்றன, பர்கின்ஜி செல்கள் (பெரிய, கிளை விரிந்த நரம்பு செல்கள்) எப்படித் தப்பிக்கின்றன?

விடை மாட்டுத்தாவணி டீக்கடையில் கிடைத்தது. மேலூர்க்கார சீனியர் அண்ணன் சொன்னார்: "நாத்தங்கால்ல மருந்து கூடிப்போனா நாத்துதான்டா கருகும், வரப்புத் தென்னை நிக்கும்ல." பிரிந்து பெருகும் செல்லைத்தான் கதிர் முதலில் கொல்லும். பர்கின்ஜி செல்கள் கருவிலேயே உருவானவை. துகள் செல்கள் பிறந்து மூன்று வாரம் வரை பெருகும். இப்படிக் கதிரால் துகள் செல்களை மட்டும் அழிப்பது, நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் ஆல்ட்மன் 1960-களில் கையாண்ட வழி. ஒரே தடவை கொடுத்தால் மிச்சமிருப்பவை மறுபடி பெருகிவிடும், அதனால் கதிரைப் பல தவணையாகக் கொடுப்பார்கள்.

அப்புறம், "தப்பிக்கின்றன" என்று நான் எழுதியது பாதிதான் சரி. நேற்று, கதிர் பட்ட சிறுமூளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விசிறியாக விரிய வேண்டிய பர்கின்ஜி கிளைகள் தாறுமாறாகக் கோணிக் கிடந்தன.