சளி கல்ச்சரில் ஹீமோபிலஸ்: அன்டிபயோட்டிக் தொடங்கவா?

வெள்ளவத்தை அம்மா:
மகனுக்கு 4 வயது. மொன்டிசோரி போகத் தொடங்கியதிலிருந்து சளியும் இருமலும்தான். போன கிழமை காய்ச்சலும் வந்ததால் சளியை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்தோம். ரிப்போர்ட்டில் 'ஹீமோபிலஸ் இன்புளுவென்சே' என்ற பக்டீரியா வளர்ந்ததாக இருக்கிறது. டொக்டரைச் சனிக்கிழமைதான் பார்க்கலாம். இப்போது காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடுகிறான். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போட்ட ஊசியில் இதுவும் அடக்கம்தானே, பிறகு எப்படி வந்தது?

ராஜி, பம்பலப்பிட்டி:
எங்கள் மூத்தவளுக்கும் இதேதான் தங்கச்சி. வீட்டில் மிச்சமிருந்த அமொக்ஸிசிலின் சிரப்பைக் கொடுத்தேன், சுகமாகிவிட்டது.

கொட்டாஞ்சேனை லேப்காரன்:
ராஜி அக்கா, கோபிக்காதீர்கள். கரைத்த சிரப் இரண்டு கிழமை தாண்டினால் குப்பைக்குத்தான். அமொக்ஸிசிலினை உடைக்கிற ஹீமோபிலஸும் உண்டு.

கல்ச்சர் தட்டுகளோடு மாரடிக்கிறவன் என்பதால் சொல்கிறேன். 4 வயதுப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். கப்பில் விழுவது பெரும்பாலும் எச்சில். ரிப்போர்ட்டில் கிராம் சாய வரியை (சளியைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்ததை எழுதும் இடம்) பாருங்கள். வாயின் மேற்தோல் (எப்பிதீலியல்) செல்கள் நிறைய, சீழ் செல்கள் ஒன்றிரண்டே என்றால், அந்தச் சளியை வைத்து நுரையீரலைப் பற்றிப் பேச முடியாது. ஹீமோபிலஸ், நிமோகொக்கஸ், மொரக்ஸெல்லா என்ற பக்டீரியாக்கள் எல்லாம் சுகமாக இருக்கிற பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னாலும் குடியிருப்பவை. சொக்லேட் அகார் என்ற கல்ச்சர் தட்டில் (பேரில் மட்டும்தான் இனிப்பு, உள்ளே சூடாக்கிய இரத்தம்) ஹீமோபிலஸ் நன்றாக வளரும், வளர்ந்ததை எழுதிக் கொடுப்போம். இந்த வயது இருமலுக்குப் பெரும்பாலும் காரணமான வைரஸ் அந்தத் தட்டில் வளரவே வளராது. 1892இல் பைஃபர் என்ற ஜெர்மன் ஆய்வாளரும் இதே கிருமியை இன்புளுவென்சா சளிக்காய்ச்சல்காரர்களிடம் கண்டு, இதுதான் காரணம் என்றார். ஆனால் உண்மையான காரணமான வைரஸை மனிதரிடம் பிரித்தெடுத்தது 1933இல்.

ஊசி ஹீமோபிலஸின் 'பி' வகைக்கு மட்டும். இங்கே 2008 முதல் பென்டாவலன்டில் (நீங்கள் சொன்ன ஐந்து நோய் ஊசி) போடுகிறார்கள். மூக்கில் இருப்பது பெரும்பாலும் உறையில்லாத வேறு வகை.

வெள்ளவத்தை அம்மா:
எப்பிதீலியல் செல்கள் 'ஏராளம்', சீழ் செல்கள் 'மிகச் சில' என்று போட்டிருக்கிறது அண்ணா. அப்போ சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

கொட்டாஞ்சேனை லேப்காரன்:
மருந்தை டொக்டர் தீர்மானிக்கட்டும், அந்த வரியையும் காட்டுங்கள். அதுவரை பிள்ளை தூங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே இழுபட்டாலோ, சனிக்கிழமையைப் பார்க்காமல் நேரே பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.