'குரங்குப் பாதம்': அந்தச் செஸ் ஆட்டம் பின்னால் வருவதற்கு முன்குறிப்பா, இல்லையா?

மழைக்காகம்: டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்குப் பாதம்' திகில் கதையின் தொடக்கத்தில் அப்பாவும் மகனும் ஆடுவதாக வரும் செஸ்ஸை வெட்டியெறிந்தாலும் நஷ்டமில்லை என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். கிழவர் தேவையே இல்லாமல் ராஜாவை ஆபத்தில் தள்ளுகிறார். தப்பு கண்ணில் பட்டபோது காலம் கடந்துவிட்டது. மகன் கவனிக்கக் கூடாதே என்று காற்றைப் பற்றிப் பேச்செடுக்கிறார். மகன் 'செக்' என்கிறான். மொத்தக் கதையும் இதுதானே?

தூத்துக்குடிக்காரன்: அந்த மேதாவி நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். முதல் தடவை படிக்கிறவன் செஸ்ஸைப் பார்த்தா நடுங்குவான்? சார்ஜென்ட் மேஜர் மோரிஸ் மூன்று வரம் தரும் குரங்குப் பாதத்தோடு வந்து, அதை முதலில் வைத்திருந்தவன் மூன்றாவது வரமாகச் சாவைக் கேட்டான் என்கிறார். முதல் இரண்டும் என்னவென்று அவருக்கே தெரியாது. அப்படி என்ன கேட்டிருப்பான் என்று நாமே யோசிக்க ஆரம்பிக்கிறோம் பாருங்கள், வயிறு கலங்குவது அங்கேதான்.

மழைக்காகம்: உங்கள் வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. செஸ்ஸுக்குப் பதில் சொல்லுங்கள்.

பாலைநிலா: இரண்டு பேரும் மகன் ஹெர்பர்ட்டை மறந்துவிட்டீர்கள். அப்பா 200 பவுண்டு வரம் கேட்டதும் 'பணத்தைக் காணோம், நான் பார்க்கப்போவதுமில்லை, பந்தயம்' என்று கிண்டலடிக்கிறான். மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் சாகிறான். நஷ்டஈடு, கேட்ட அதே 200 பவுண்டு. சொன்னபடியே அவன் பார்க்கவில்லை.

மழைக்காகம்: நல்ல இடம்தான். ஆனால் அதற்கும் விதை செஸ்தான்.

தூத்துக்குடிக்காரன்: செத்த மகன் திரும்பி வர வரம் கேட்டபின், கடைசியில் கதவு தட்டப்படுவதும் செஸ்தானா? புதுமைப்பித்தன் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான். பக்க எண் கேட்டதும் ஆளைக் காணோம்.

மழைக்காகம்: அன்று கரண்ட் இல்லை. தவிர, 1902-இல் வந்த கதையைத் தமிழ்ச் சுருக்கத்தில் மேய்ந்தவர் பக்க எண் கேட்பது வேடிக்கை.

தூத்துக்குடிக்காரன்: சுருக்கம் படித்தேன் என்று யார் சொன்னது?

சதுரங்கன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்ன ஓப்பனிங் ஆடினார்கள் என்று கதையில் இருக்கிறதா?

மழைக்காகம்: இல்லை. ஆனால் பாருங்கள், வாசகர் மனதில் நிற்பது எது? செஸ்!

பாலைநிலா: சார், அவர் பெயரே சதுரங்கன்.

மழைக்காகம்: அதனால் என்ன? ராஜாவை ஆபத்தில் தள்ளியதைப் பார்த்து, கணப்பருகே பின்னல் போட்டுக்கொண்டிருந்த மனைவியே வாய்திறக்கிறாள். அவளுக்குப் புரிந்தது தூத்துக்குடிக்குப் புரியவில்லை.

தூத்துக்குடிக்காரன்: ஊரை இழுக்காதீர்கள். சுருக்கம் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

மழைக்காகம்: செஸ்ஸுக்கும்தான் வரவில்லை.