சி டிரைவ் சுத்தம் செய்யும்போது எதை அழித்தோம் என்று எழுதி வைக்கிறீர்களா? உங்கள் அனுபவம்

கிருஷ்ணகிரி, போட்டோ ஸ்டூடியோ:
கல்யாண வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டர், 256 ஜிபி எஸ்எஸ்டி. முகூர்த்த மாதம் வந்தாலே விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் நிரம்பிச் சிவந்துவிடும். 2019இல் ஒருநாள் அவசரத்தில், வேண்டாத ஃபைல்களை அழிக்க விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, இருந்த கட்டத்துக்கெல்லாம் டிக் போட்டு ஓகே கொடுத்தேன். அப்போதைய விண்டோஸ் 10இல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அந்தப் பட்டியலில் இருக்கும். நான்தான் படிக்கவில்லை. காவேரிப்பட்டினத்துப் பெண் வீட்டார், ஆல்பத்தின் முதல் பக்கத்துக்காக இறந்துபோன அப்பாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதுவும் போயிற்று. அனுப்பியவர் போனையே மாற்றிவிட்டார். வீட்டுக்குப் போய், மாலை போட்டிருந்த படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, கண்ணாடியில் டியூப்லைட் விழாதபடி சாய்த்துச் சாய்த்து எடுத்து வந்தேன். அந்த அம்மா காபி கொடுத்தார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

அன்றிலிருந்து ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்: தேதி, எதை அழித்தேன், முன்பு காலி எவ்வளவு, பின்பு எவ்வளவு. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு கட்டம் போட்டேன், எத்தனை நாளில் திரும்ப நிரம்பியது என்று. அதற்கப்புறம்தான் விஷயமே பிடிபட்டது. தம்ப்நெயிலை (ஃபோல்டரில் தெரியும் குட்டிப் படங்களை) அழித்தால் ஃபோல்டரைத் திறந்ததும் மறுபடி உண்டாகிறது, வீண் வேலை. இடத்தைத் தின்றது எடிட்டிங் சாஃப்ட்வேரின் மீடியா கேஷ், அதாவது வீடியோ வேகமாக ஓட அது உண்டாக்கி வைக்கும் தற்காலிக ஃபைல்கள். இப்போது அதை டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, ஆல்பம் டெலிவரி ஆன அன்றே அழிக்கிறேன்.

பாலக்கோடு, தக்காளி மண்டிக் கணக்கு:
அண்ணா, எனக்கு நோட்டு வேறு விதத்தில் உதவியது. எங்கள் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். ஹைபர்நேட் என்பது திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு கம்ப்யூட்டரை அணைக்கும் வசதி. அதற்கான ஃபைல் மட்டும் 6 ஜிபிக்கு மேல் இருந்ததால் ஹைபர்நேட்டையே நிறுத்தினேன். அப்புறம் காலையில் கம்ப்யூட்டர் ஆன் ஆக ரொம்ப நேரம் எடுத்தது. மண்டியில் வண்டி வந்து நிற்கும் நேரம் அது. சர்வீஸ்காரர் டிஸ்க்கை மாற்றச் சொன்னார். நோட்டைப் புரட்டினால், தாமதம் தொடங்கிய அதே வாரத்தில் 'ஹைபர்நேட் ஆஃப்' என்று என் கையெழுத்து. அதோடு, கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. திரும்ப ஆன் செய்தேன், சரியாகிவிட்டது.

தருமபுரி:
நானும் எழுதுகிறேன், ஆனால் ஒரு அசட்டுத்தனம். விண்டோஸ் 11க்கு மாறிய இரண்டு வாரத்தில் டெம்ப் (தற்காலிக) ஃபைல்களை அழித்துவிட்டு, காலி இடம் கூடியதைப் பார்த்து 'டெம்ப், 20 ஜிபி மிச்சம்' என்று பெருமையாக எழுதி வைத்தேன். மாறும்போது பழைய விண்டோஸை எடுத்து வைத்திருக்கும் ஃபோல்டர் 10 நாளில் தானாகவே அழியும், இடம் கூடியது அதனால்தான் இருக்கும் என்று மகள் சொன்னாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.